குண்டடியும் கைவிரலும்

1993இல் வெளிவந்த 'டூம்' விளையாட்டில் திரையின் அடியில் வீரனின் முகம் தெரியும். உயிர் 100 சதவீதத்தில் தொடங்கும். அடி விழ விழ எண் குறையும், முகத்தில் ரத்தம் வழியும். எண்ணைப் பார்க்க நேரமில்லாதபோதும் முகமே நிலைமையைச் சொல்லிவிடும். இத்தனை தெளிவான அளவுகோல் பின்னாளில் அரிது. சிறிய மருந்து 10, பெரிய பெட்டி 25 கூட்டும். பெட்டி கண்ணில் படாவிட்டால், மிச்சமிருக்கும் உயிரோடுதான் அடுத்த கதவைத் திறக்க வேண்டும்.

2001இல் வந்த 'ஹேலோ'வில் கொஞ்சம் ஒதுங்கி நின்றால் கவசம் தானாக நிரம்பும். உள்ளே இருக்கும் உயிருக்கு மட்டும் மருந்து வேண்டும். 2005இல் 'கால் ஆஃப் டியூட்டி 2' மருந்துப் பெட்டியையே எடுத்துவிட்டது. காயம்பட்டால் திரை சிவக்கும், மறைவில் பதுங்கினால் தெளியும். இதனால் ஆட்டக்காரர் பதுங்கப் பழகினார். 2016இன் புதிய 'டூம்' இதைத் தலைகீழாக்கியது: தள்ளாடும் எதிரியை நெருங்கிக் கொன்றால் உயிர் கொட்டும். பயந்து ஒளிபவருக்கு அங்கே இடமில்லை.

கட்டுப்பாடும் இப்படியே மாறியது. பழைய 'டூம்' ஆட்டத்தில் மேலே கீழே பார்க்கவே முடியாது. 1996இன் 'குவேக்' அதற்கு வழிவிட்டது. இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் நடக்க, வலக்கை மவுஸால் குறிபார்க்கும் முறை பிறகு வழக்கமானது. கேம்பேடில் இந்த வேலை இரண்டு கட்டைவிரல்களுக்கு. மவுஸின் துல்லியம் அதில் வராது. அதனால்தான் 'ஹேலோ' போன்றவை எதிரியின் அருகே குறி வந்ததும் குறியின் வேகத்தைக் குறைத்து உதவுகின்றன.