காண்டாட்டாவும் நம் கதைக் கீர்த்தனையும்

மேலைநாட்டு இசை வடிவங்களுள் 'காண்டாட்டா' என்பது ஒன்று. பிரெஞ்சு மொழியில் இதனைக் 'காந்தாத்' என்பர். பாடுதல் என்னும் பொருளுடைய 'காந்தாரே' என்ற இத்தாலியச் சொல்லின் வழிவந்த பெயர் இது. கருவியில் ஒலிப்பது 'சொனாட்டா'. மிடற்றில் பிறப்பது காண்டாட்டா. தொடக்கத்தில் இவ்வளவே வேறுபாடு. பின்னர்தான் இப்பெயர் ஒரு தனி வடிவத்தைக் குறிக்கலாயிற்று. மேடைக் காட்சியும் வேடமும் நடிப்பும் இன்றி, ஒரு கதையையோ உள்ளத்து நிலையையோ பாடியே விளக்கும் வடிவம் அது. நாடகம் கண்ணுக்கு விருந்து. இது முழுவதும் செவிக்கே உரியது.

1620ஆம் ஆண்டையொட்டி வெனிசில் வாழ்ந்த அலெசாந்திரோ கிராந்தி தம் இசைத் தொகுதிக்கு இப்பெயரைச் சூட்டினார். அந்நூற்றாண்டின் இறுதியில் அலெசாந்திரோ ஸ்கார்லாட்டி அறுநூறுக்கும் மேற்பட்ட காண்டாட்டாக்களை இயற்றி இதன் இலக்கணத்தை நிலைநிறுத்தினார். அவ்விலக்கணம் எளியது. பேச்சின் நடையை ஒட்டிக் கதையை நகர்த்தும் பகுதி ஒன்று. அதற்கு 'ரெசிதாத்திவோ' என்று பெயர். கதையை நிறுத்திவைத்து உணர்ச்சியை விரித்துப் பாடும் பகுதி மற்றொன்று, அது 'ஆரியா'. இவ்விரண்டும் மாறிமாறி வரும்.

செர்மனியில் இவ்வடிவம் தேவாலயத்துள் புகுந்தது. 1723இல் லைப்சிக் நகரில் பணியேற்ற பாக் இயற்றியவற்றுள் ஏறத்தாழ இருநூறு சமயக் காண்டாட்டாக்கள் இன்றும் கிடைக்கின்றன. அவரே காப்பிப் பித்துப் பிடித்த ஒரு பெண்ணையும் அவள் தந்தையையும் வைத்து நகைச்சுவைக் காண்டாட்டா ஒன்றையும் இயற்றினார். அரபு மக்களின் 'கஹ்வா' செர்மானியர் இசையிலும் இடம்பிடித்துவிட்டது!

பிரான்சில் 1706இல் மொரேன் தம் முதல் தொகுதியை வெளியிட்டபின் இவ்வடிவம் பெருவழக்குப் பெற்றது. 1803 முதல் இசைக்கும் வழங்கப்பெற்ற 'ரோமைப் பரிசு'க்குப் போட்டியிடுவோர் காண்டாட்டா ஒன்றை இயற்றிக் காட்டுதல் வேண்டும் என்பது அன்றைய விதியாக இருந்தது. பெர்லியோஸ் பலமுறை முயன்று 1830இல் வென்றார். தெபுசி 1884இல் வென்றார். ராவெல் கடைசிவரை வெல்லவே இல்லை. தேர்வுத்தாள் ஆகிவிட்ட எந்தக் கலைவடிவமும் சற்று வாடத்தான் செய்யும். அப்போட்டிக்கென எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மறக்கப்பட்டன.

இனி நம் பக்கம் நோக்குவோம். நாம் மேலைநாட்டாரிடமிருந்து இதனைக் கற்றோம் என்பதன்று. அவர்கள் நம்மிடமிருந்து கற்றதும் இல்லை. ஆயினும் கதையை நகர்த்தும் நடை ஒன்று, உணர்ச்சியை நிறுத்தும் பாட்டு ஒன்று என்ற அதே இணைப்பை நம் கதைக் கீர்த்தனைகளில் காண்கிறோம். சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனை 'நாடகம்' என்று பெயர் பெற்றிருப்பினும் பாடிக் கேட்பதற்கே பெரிதும் பயன்பட்டது. விருத்தமும் தரும் கதையைச் சொல்லிச் செல்லும். கீர்த்தனை நின்று பேசும்.

இவ்வடிவின் சிகரம் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அதன் அச்சு வரலாறு நம் மாநிலத்தோடு தொடர்புடையது. பாரதியார் இக்கதையைக் காரைக்காலில் பாடியபொழுது, அங்கு ஆட்சிப் பொறுப்பில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரர் அதில் ஈடுபட்டு, அது நூலாக வெளிவரத் துணைநின்றார். 1860களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது. காண்டாட்டா வழங்கும் நாட்டிலிருந்து வந்தவர் நம் கதைக் கீர்த்தனையில் எதனைக் கேட்டு மகிழ்ந்தார் என்று எண்ணிப் பார்ப்பதே இன்பம் தருகிறது.

தமிழ்ப் புலவர் உலகமோ அத்துணை எளிதில் இணங்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலிலுள்ள இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பாரதியார் பலமுறை வந்து காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்த ஒருநாள் தம் பாடல்களை அவர் மெல்லப் பாடக் கேட்டுப் பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்பது உ.வே. சாமிநாதையர் வாயிலாக நாம் அறியும் செய்தி. ஏட்டில் படித்தபோது தெரிந்த குறை, பாடக் கேட்டபோது மறைந்தது. இவ்வடிவத்தை அளக்க வேண்டிய கோல் எது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சேக்கிழார் திருநாளைப்போவார் வரலாற்றை 37 பாடல்களில் பாடி முடித்தார். அங்கு வேதியராகிய பண்ணையார் இல்லை. ஓர் இரவில் விளைந்த நாற்பது வேலி நிலமும் இல்லை. இவை பாரதியார் படைத்தவை. தில்லைக்குச் செல்ல விடைகேட்டு நிற்கும் பண்ணையாளின் ஏக்கத்தைக் கேட்போர் உணர வேண்டுமானால் கதை ஓரிடத்தில் நிற்க வேண்டும். அதற்கே கீர்த்தனை. மேலைநாட்டு ஆரியாவில் முதற்பகுதி இறுதியில் ஒருமுறை மீண்டும் வரும். நம் கீர்த்தனையிலோ ஒவ்வொரு சரணத்தின் பின்னும் பல்லவி திரும்புகிறது. மறுக்கப்பட்டவன் மீண்டும் மீண்டும் வந்து கேட்பதற்கு இதனினும் பொருத்தமான அமைப்பு ஏது? பின்னர் தஞ்சை கிருஷ்ண பாகவதர் போன்றோர் மராத்தியக் கீர்த்தன முறையையும் சேர்த்து, மிருதங்கமும் சிப்ளாக்கட்டையும் துணையாக இக்கதையை ஊர்தோறும் பரப்பினர்.

இவ்வடிவம் ஒரு சமயத்தாரோடு நின்றுவிடவில்லை. தஞ்சை வேதநாயக சாத்திரியார் கிறித்தவப் பொருளைக் கீர்த்தனையாகவும் குறவஞ்சியாகவும் பாடினார். இசுலாமியத் தமிழில் உமறுப்புலவரின் காப்பியப் பொருளைச் சீறாக் கீர்த்தனை இசைவடிவில் தருகிறது. படைப்போர், கிஸ்ஸா, நாமா முதலிய நம் சிற்றிலக்கியங்களை எழுத்திலக்கியமாக மட்டுமே ஆராய்கிறோம். அவை ஓதியும் பாடியும் கேட்கப்பட்டவை என்பதை மறந்துவிடுகிறோம். முதியோர் சிலர் நினைவிலாவது அம்மெட்டுகள் இருக்கக்கூடும். நம் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்களை நாடிச் செல்லலாம்.

மெட்டின் ஆற்றலை நன்கறிந்தவர் சுப்பிரமணிய பாரதியார். நந்தனை வேதியர் அதட்டும் பாட்டின் மெட்டிலேயே, விடுதலை கேட்கும் இந்தியனை வெள்ளைக்காரன் அதட்டுவதாக அவர் பாடினார். வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் கலெக்டர் விஞ்சு கடிந்து பேசும் பாட்டுக்கும் நந்தன் சரித்திர மெட்டே. கேட்போர் செவியில் பழைய பண்ணையாரின் குரலும் புதிய துரையின் குரலும் ஒன்றாகவே ஒலித்தன. 1908இல் அப்பாரதியார் ஆங்கில ஆட்சியின் பிடியினின்று தப்பிப் புதுவைக்கு வந்து சேர்ந்தார்.