எல்லையில் நிர்வாகத்தை நிறுவிய அதிகாரி: மேஜர் ராலெங்னாவ் காத்திங்

ராணுவ அதிகாரி, ஆசிரியர், அமைச்சர், எல்லைப்புற நிர்வாகி, தலைமைச் செயலாளர், தூதர் என்று ஒரே வாழ்நாளில் பல பொறுப்புகளை வகித்தவர் மேஜர் ராலெங்னாவ் காத்திங். நண்பர்களும் சக அதிகாரிகளும் ‘பாப்’ என்று அழைத்த அவர், மணிப்பூரின் உக்ருல் மலைப்பகுதியில் வாழும் தாங்குல் நாகா இனத்தில் 1912-ஆம் ஆண்டு பிறந்தார். அந்த இனத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் சிலருள் ஒருவரான அவர், குவாஹாட்டியில் பயின்று, அசாமிலும் உக்ருலிலும் ஆசிரியப் பணியாற்றிய பின், இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் ராணுவத்தில் சேர்ந்தார்.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், எல்லை மலைகளில் உளவறியவும் மறைந்திருந்து தாக்கவும் ‘வி ஃபோர்ஸ்’ என்ற தனிப்படையை ஆங்கிலேயர் அமைத்தனர். மலைமக்களின் மொழியும் பாதையும் அறிந்தவர்களே இத்தகைய பணிக்கு ஏற்றவர்கள் என்பதால் காத்திங் அதில் பணியமர்த்தப்பட்டார். 1944-இல் ஜப்பானியப் படைகள் இம்பால், கோகிமா நோக்கி முன்னேறியபோது, நாகா கிராமத்தவர் உடையில் மக்களோடு கலந்து, எதிரியின் நடமாட்டத்தை அவர் கண்டறிந்து தெரிவித்தார். இப்பணிகளுக்காக, களத்தில் காட்டும் வீரத்துக்கு அளிக்கப்படும் ‘மிலிட்டரி கிராஸ்’ விருதை அவர் பெற்றார்.

போருக்குப் பின் மணிப்பூர் அரசில் மலைப்பகுதி நிர்வாகத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த அவர், 1949 அக்டோபரில் மணிப்பூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்ததும் அப்பதவி முடிவுக்கு வர, வடகிழக்கு எல்லையைக் காக்கும் துணைப்படையான அசாம் ரைஃபிள்ஸில் சேர்ந்து, அங்கிருந்து எல்லைப்புற நிர்வாகத்துக்கு வந்தார்.

அவர் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது தவாங் பயணமாகும். இந்தியாவுக்கும் திபெத்துக்கும் எல்லையாக 1914-இல் வரையப்பட்ட மக்மகோன் கோட்டுக்குத் தெற்கே தவாங் அமைந்திருந்தபோதிலும், திபெத்திய அதிகாரிகளே அங்கு வரி வசூலித்து வந்தனர். இந்திய ஆட்சி அங்கு வரைபட அளவிலேயே இருந்தது. 1950 அக்டோபரில் சீனப்படை திபெத்துக்குள் நுழைந்ததும் இந்நிலையை இனியும் நீடிக்கவிடுவது ஆபத்து என்று உணர்ந்த அசாம் ஆளுநர் ஜெயராம்தாஸ் தௌலத்ராம், உதவி அரசியல் அதிகாரி, அதாவது எல்லைப்புறத்தில் அரசின் பிரதிநிதியாக ஆட்சி நடத்தும் அதிகாரி, என்ற பொறுப்பில் காத்திங்கைத் தவாங்குக்கு அனுப்பினார்.

சுமார் 200 அசாம் ரைஃபிள்ஸ் வீரர்களுடனும் 600 சுமைதூக்கிகளுடனும் 1951 ஜனவரியில் அடிவாரத்திலிருந்து புறப்பட்ட அவர், 4,000 மீட்டருக்கும் உயரமான சே லா கணவாயைக் கடுங்குளிரில் கடந்து, பிப்ரவரியில் தவாங்கை அடைந்தார். படையணிவகுப்பின் மூலம் அரசின் வலிமையை உணர்த்திய அவர், அதை மக்கள்மீது பயன்படுத்தவில்லை. கிராமத் தலைவர்களை அழைத்துப் பேசி, திபெத்திய அதிகாரிகளுக்கு இனி வரி கட்ட வேண்டியதில்லை என்று தெரிவித்தார். லாசாவிலிருந்த திபெத்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தபோதும், ஒரு குண்டும் வெடிக்காமல் தவாங்கில் இந்திய நிர்வாகம் நிலைகொண்டது.

பின்னர் எல்லைப்பகுதிகளை நிர்வகிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட இந்திய எல்லைப்புற நிர்வாகப் பணியில் இடம்பெற்ற அவருக்கு, 1957-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாகர் மலைப்பகுதியிலும் சிக்கிமிலும் பணியாற்றியபின், மாநில அரசு அலுவலர்களுள் உயர்ந்த பொறுப்பான தலைமைச் செயலாளர் பதவியை நாகாலாந்தில் வகித்தார். 1972 முதல் 1975 வரை பர்மாவுக்கான இந்தியத் தூதராக இருந்த அவரே, பழங்குடியினரிலிருந்து தூதர் பதவிக்கு வந்த முதல் இந்தியர் ஆவார். 1990-இல் அவர் காலமானார்.

தவாங் பயணம் நடந்து 70 ஆண்டுகள் கழித்தே, 2021 பிப்ரவரியில், அவருக்கு அங்கு நினைவகம் திறக்கப்பட்டது. ஒரு நாட்டின் எல்லை ஒப்பந்தத்தாலும் படையாலும் மட்டும் உறுதிப்படுவதில்லை. அங்கு வாழும் மக்கள் தம்மை ஆளும் அரசை நம்பும்போதே அது உறுதிப்படுகிறது. அந்த நம்பிக்கையை மலைமக்களிடையே வளர்த்த காத்திங்கின் வாழ்க்கை, நாடு முழுவதும் மாணவர்கள் படித்தறிய வேண்டிய ஒன்றாகும்.