அரியரை மறைக்காத டேபிள்

ஒரு மாணவர் பல பாடங்கள் படிப்பார். ஒரு பாடத்தைப் பலர் படிப்பார்கள். அதனால் மாணவருக்கு ஒரு டேபிள், பாடத்துக்கு ஒரு டேபிள், யார் எதை எடுத்தார் என்று சொல்ல நடுவில் ஒரு பதிவு டேபிள். தி.நகர் கம்ப்யூட்டர் சென்டரோ அடையாறு ஐஐடியோ, டேட்டாபேஸ் கற்பவருக்கு இது பழகிய பயிற்சி. நடு டேபிளில் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ எது? மாணவரின் பதிவு எண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்தால் போதும் என்பார்கள். நம் கல்லூரிகளுக்கு அது போதாது. காரணம், தவறிய தாளை மறுபடி எழுதும் அரியர்.

சர்தார் படேல் சாலையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனை எடுத்துக்கொள்வோம். முதல் செமஸ்டர் கணக்குத் தாளின் குறியீடு எம்ஏ 8151. நவம்பர் - டிசம்பரில் அதில் தவறிய மாணவி, ஏப்ரல் - மேயில் மறுபடி எழுதுகிறார். அதே எண், அதே குறியீடு. டேட்டாபேஸ் இரண்டாவது வரியை ஏற்காது. உடனே பழைய மதிப்பெண்ணின் மேலேயே புதியதை எழுதிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் முதல் முயற்சியின் சுவடே போய்விடும். தேர்வுப் பருவத்தையும் கீயில் சேர்த்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் தனி வரி கிடைக்கும்.

இப்படித் தனி வரி வைப்பதன் அருமை 2020 ஆகஸ்டில் தெரிந்தது. கொரோனாவால், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு என்று தமிழக அரசு அறிவித்தது. கட்டியவர் யார், எந்தத் தாளுக்கு? மாணவர் டேபிளில் ‘கட்டணம்: ஆம்’ என்று மட்டும் குறித்திருந்தால், மூன்று அரியரில் இரண்டுக்கு மட்டும் பணம் கட்டியவரை என்ன செய்வது? அந்தத் தகவலுக்கு இடம் நடு டேபிள்தான்.

ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல், தகவலை இப்படி டேபிள்களாக அமைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்தார். ஒரு தகவலை ஓரிடத்தில் மட்டும் வைப்பது அதிலிருந்து வளர்ந்த ஒழுங்கு. எனவே தாளின் பெயர் பாட டேபிளில் ஒரு முறை மட்டுமே இருக்கட்டும். 2021 ரெகுலேஷனில் எம்ஏ 8151-இன் இடத்துக்கு எம்ஏ 3151 வந்துவிட்டது என்பதற்காகப் பழைய வரியை அழிக்கவும் கூடாது. பழைய மாணவர்களின் மதிப்பெண்கள் அந்த வரியைத்தான் சுட்டுகின்றன. மதிப்பெண் வரியைப் பாட வரியோடு இணைக்கும் ஃபாரின் கீயை ஒழுங்காகப் போட்டிருந்தால், அழிக்கப் போகும் கையை டேட்டாபேஸே தடுத்துவிடும்.

புதிய மென்பொருள் வாங்கும் கல்லூரிகள் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு மாணவரை ஒரே தாளில் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை தேறவையுங்கள். மூன்று வரிகளும் திரையில் வரவேண்டும்.