சந்தவாசலில் இருந்து கடலுக்கு

சந்தவாசலில் நின்றால் மேற்கே ஜவ்வாது மலை. சாயங்காலம் சூரியன் அதற்குப் பின்னால்தான் இறங்கும். கடல் எந்தப் பக்கம் என்று குழந்தை கேட்டால் கிழக்கே கை காட்டி விட்டுவிடுவோம். ஆனால் நம் மலையில் பெய்யும் மழைத் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேரும் வழி ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் கமண்டல நதி படவேடு வழியாக வருகிறது. நாகநதியோடு சேர்ந்து கமண்டல நாகநதி என்று பெயர் பெற்று, ஆரணியைத் தாண்டிப் போய்ச் செய்யாற்றில் விழுகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு வாயலூர்ப் பக்கம் வங்கக் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே இருப்பது மாமல்லபுரம்.

பள்ளி விடுமுறையில் 'கடலுக்குப் போகலாம்' என்று வீட்டில் பேச்சு வந்தால், புதுச்சேரியா மெரினாவா என்று யோசிப்பவர்களுக்கு நான் மாமல்லபுரத்தைத்தான் சொல்வேன். நம் ஆறு போகும் கடல் என்பது ஒரு காரணம். அங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதி, மலையடிவாரத்துக்காரர்களுக்கு முன்பே பழக்கமானவை என்பது இன்னொரு காரணம்.

ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வழி. சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் மாறி மாறிப் போக வேண்டும். குடும்பமாக என்றால் வேன் வசதி. காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் அதிகம். அப்படிப் போனால் உச்சி வெயிலில் பாறைகளையும், கூட்ட நேரத்தில் கடலையும் பார்த்துவிட்டுக் களைத்து வருவீர்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். மலைக்குப் பின்னால் மறைந்தே பழகிய சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழுவதைப் பார்க்க வேண்டுமானால் விடியும் முன் அங்கே இருக்க வேண்டும்.

வழியில் நேரமிருந்தால், காஞ்சிபுரம் – செங்கல்பட்டு சாலையில் பழையசீவரம் பக்கம் திரும்பித் திருமுக்கூடலைப் பார்க்கலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, எப்படி நடத்துவது என்று அது விவரிக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், நம் ஆற்றின் கரையில்.

மாமல்லபுரத்தில் முதலில் எங்கே போவது? எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஊருக்கு நடுவே இருக்கும் அர்ச்சுனன் தபசுக்குப் போங்கள். சுமார் 30 மீட்டர் நீளம், நாலு மாடி உயரப் பாறை. அதில் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்தின்போது தபசு மரம் நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படி ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். பாறையில் அதே காட்சி: ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேலே தூக்கிய மெலிந்த தவசி, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. பக்கத்தில் வரம் கொடுக்கும் சிவன்.

ஆனால் இது அர்ச்சுனன் இல்லை, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அவர்கள் காட்டும் சாட்சி பாறையின் நடுவில் இருக்கும் பிளவு. அதில் நாகராஜனும் நாகினியும் நீரோட்டத்தில் நெளிந்து வருவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். பாறை உச்சியில் தண்ணீர் தேக்கி வைத்துப் பிளவு வழியே விழ விட்டதற்கான அடையாளமும் இருக்கிறது. நான் இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேரவில்லை. பிளவைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வருவது நம் மலைதான். மலையின் இடுக்கில் தண்ணீர் இறங்குகிறது, அடிவாரத்தில் யானை, மான், குரங்கு, தவசிகள், வேடர்கள். ஆற்றுக்கு நாகம் என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பிளவில் நாகம் நெளிவது ஆச்சரியமாகவே இருக்காது.

அவசரப்படாமல் கீழ் வரிசையைப் பாருங்கள். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பெரிய யானைகளின் காலடியில் குட்டிகள். பக்கத்திலேயே ஒரு பூனை, தவசி மாதிரியே முன்னங்கால்களைத் தூக்கி நிற்க, சுற்றி எலிகள். இதற்கு அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் மாடு கறக்கிறார். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. மாடு வளர்த்தவர்கள் அந்த நாக்கைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார்கள். இவை இரண்டுக்கும் நுழைவுச் சீட்டு கிடையாது.

ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சீட்டு உண்டு. ஒரே சீட்டில் அன்றே இரண்டையும் பார்த்துவிடலாம், அதனால் கிழிக்காமல் வைத்திருங்கள். ரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே பாறையில் செதுக்கியவை. பாண்டவர் பெயர்கள் பின்னால் மக்கள் வைத்தவை, அவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. திரௌபதி ரதம் அசல் கூரை வீடு. ஓலை வேய்ந்த குடிசையின் வளைவைக் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தில் மேல் தளங்களில் வேலை நுணுக்கமாக முடிந்திருக்க, அடித்தளம் கரடுமுரடாகக் கிடக்கும். காரணம், கட்டடம்போல் கீழிருந்து மேலே எழுப்பவில்லை. பாறையின் உச்சியில் தொடங்கி இறங்கிக்கொண்டே செதுக்கினார்கள். நடுவில் வேலை நின்றது, கீழ்ப்பகுதி அப்படியே தங்கிவிட்டது.

கடற்கரைக் கோயில் வேறு வகை. வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது, 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில். இரண்டு சிவன் சன்னதி, நடுவே பள்ளிகொண்ட பெருமாள். மதிலின் மேல் வரிசையாக நந்திகள். பல சிற்பங்களின் முகம் கரைந்து போயிருக்கிறது. உப்புக் காற்று கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்து, ஈரம் காய்ந்ததும் உள்ளேயே உப்புப் படிகமாக உறைந்து, கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுப்பது உண்டு. கோயிலைச் சுற்றிப் பெரிய பாறாங்கற்களைக் கொட்டியிருப்பது அலை அடிவாரத்தை அரிக்காமல் இருக்க. குழந்தைகளைத் தயவுசெய்து சிற்பங்கள் மேல் ஏற்றிப் போட்டோ எடுக்காதீர்கள். 1,300 வருடம் உப்பைத் தாங்கிய கல் அது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வருவதற்கு முன் கடல் பின்வாங்கியபோது, உள்ளே பாறைகள் வரிசையாகத் தெரிந்ததாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, ஆறைக் கடல் கொண்டது என்ற பழைய பேச்சு மறுபடி கிளம்பியது. ஆழிப்பேரலைக்குப் பிறகு உறுதியாகக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். வடக்கே 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். அங்கே அலை மண்ணை அரித்ததில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட, 2005இல் தோண்டியபோது ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. முன்னால் கல்லால் ஆன வேல். பல்லவர் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருக்கிறது, சங்க காலத்தது என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே புலிக்குகை, யாளித் தலைகள் சூழ்ந்த மேடை, சவுக்குத் தோப்பு. கட்டுச்சோறு பிரித்து உட்கார இதைவிட நல்ல நிழல் அந்தக் கரையில் இல்லை.

இனி கடல். இதைக் கவனமாகப் படியுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் நன்றாக நீந்துபவர்கள்தான் மாமல்லபுரம் கடலில் அதிகம் ஏமாறுகிறார்கள். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் எல்லாம் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். அது பரவலாகப் போகாமல், மணல் திட்டுகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் அமைதியாகத் தெரியும். 'இங்கே அலை இல்லை, குளிக்கலாம்' என்று நாம் தேர்ந்தெடுக்கும் இடம் அதுவாகவே இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்கிவிடுவோம். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள், செல்போனைப் பையில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் கடல் கொந்தளிக்கும். அப்போது இறங்கவே வேண்டாம். கடலில் நின்று விளையாடித்தான் ஆக வேண்டும் என்றால் வடக்கே கோவளம் போங்கள். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. அங்கேயும் காவலர்கள் காட்டும் எல்லைக்குள் மட்டும்.

போக நல்ல மாதங்கள் தை, மாசி. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே பாறை சுடும். வெறுங்காலோடு ஏற முடியாது.

மாசியில் போகிறவர்கள் மாசி மகத்துப் பௌர்ணமியைக் கணக்கில் வைத்துப் போகலாம். இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து அன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள், நம் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்தும் போகிறார்கள். கம்பு நட்டுச் சேலையைக் கட்டினால் அதுவே கூடாரம். மணல் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேலைகள் காற்றில் புடைத்து நிற்கும். அவர்களுடைய குலதெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட அம்மனைச் சமாதானம் செய்து அழைத்துப் போகத்தான் வருகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் ஈர மணலில் படிகள் கட்டி, பூவும் பழமும் வைத்து, கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அருள் வந்து ஆடுகிறார்கள். மொட்டை, காதுகுத்து, பெண் பார்ப்பது, கல்யாணம் எல்லாம் அந்த மணலிலேயே நடக்கிறது. கல்லில் ஒரு கோயிலும் இல்லாமல் ஒரு ராத்திரியில் உண்டாகி ஒரு காலையில் அலையில் கரையும் கோயில் அது. போகிறவர்கள் விருந்தாளியாகப் போங்கள். கூடாரத்துக்குள் கேமராவை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

ஊருக்குள் நடக்கும்போது உளிச் சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. சாலையோரப் பட்டறைகளில் சிற்பிகள் கல்தூசி படிந்த புருவத்தோடு உட்கார்ந்து அம்மனின் விரலைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் கரைப் பக்கம் வஞ்சிரமும் நெத்திலியும் வறுத்துத் தருவார்கள். விலையை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும் நாளில் ஒரு மணி நேரம் மிச்சம் வையுங்கள். தெற்கே கல்பாக்கம் தாண்டி வாயலூர். அங்கே ராஜசிம்ம பல்லவன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாகப் பொறித்து வைத்த தூண் ஒன்று இருக்கிறது. அதையும் தாண்டினால் பாலாறு. வருடத்தில் பெரும்பாலான நாள் அகலமான வெறும் மணல்தான். கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறாமலிருக்கவும், வரும் மழைநீரை நிறுத்தவும் ஒரு தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது இந்த மணல் முழுக்கத் தண்ணீர் நிறைந்து கடலுக்கு ஓடியது. அதில் படவேட்டைத் தாண்டி வந்த தண்ணீரும் இருந்தது. பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி மேற்கே கை காட்டுங்கள். நம் ஊர் அந்தப் பக்கம்.