அழுகையை அடக்காதீர்கள், குடும்பத் தலைவரே!

குடும்பத் தலைவர் என்றால் எப்படி இருக்க வேண்டும்? ‘‘எது வந்தாலும் கல்லு மாதிரி நிக்கணும். கஷ்டத்தை வெளியில காட்டக் கூடாது’’ என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ‘‘அந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே!’’ என்று பாராட்டவும் செய்கிறோம். வைத்தியனான எனக்கு இந்தப் பாராட்டைக் கேட்டாலே கவலையாக இருக்கும்.

காரணம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் ‘வேகங்கள்’ 14 என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தானாக உந்தித் தள்ளுகிறவை. நாம் அடக்கக் கூடாதவை. வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு ஆகியவைதான் அவை. சிறுநீரை அடக்கினால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது, பார்த்தீர்களா? அதை அடக்கினால் பீனிசம், கண் நோய், வாயு குன்மம் வரும் என்பது சித்த நூல்களின் கணக்கு. குன்மம் என்பது வயிற்று வலி, எரிச்சல், புளியேப்பம் எல்லாம் சேர்ந்தது. இன்றைக்கு ‘அல்சர்’, ‘அசிடிட்டி’ என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

‘‘அல்சருக்குக் கிருமிதானே காரணம்?’’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது. வலி மாத்திரைகளை அதிகம் விழுங்கினாலும் புண் வரும். ஆனால், மனக்கவலை சேர்ந்தால் எரிச்சலும் வலியும் கூடும், தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் ஏறும் என்பதை நவீன மருத்துவமும் ஒப்புக் கொள்கிறது.

குரலும் ஒரு பரிசோதனை

நாங்கள் நோயைக் கணிப்பது எண்வகைத் தேர்வு மூலம். நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் ‘மொழி’ என்பது நோயாளியின் குரலும் பேச்சும். உரக்கப் பேசுகிறாரா, தழுதழுக்கிறதா, பாதியில் நிறுத்தி விடுகிறாரா என்று கவனிப்போம்.

என்னிடம் வந்தவர் ஒருவருக்கு வயது 48. கணக்கர் வேலை. மூன்று மாதமாக நெஞ்செரிச்சல், தூக்கமில்லை. முதலில் இ.சி.ஜி. எடுத்துவரச் சொன்னேன். கோளாறு இல்லை. ‘‘ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?’’ என்று கேட்டதும் குரல் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்: வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க்கில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்புகிறார். ‘‘பொண்ணு பிளஸ் டூ படிக்குது சார். இப்ப போய் எப்படிச் சொல்றது?’’

மருந்து கொடுத்தேன். ‘‘இது பாதி வைத்தியம்தான். மீதி உங்க வாயில இருக்கு’’ என்றும் சொன்னேன். அடுத்த வாரம் மனைவியோடு வந்தார். அந்தம்மா சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்: ‘‘எனக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே தெரியும் டாக்டர். இவரா சொல்லட்டும்னு இருந்தேன். ராத்திரி எனக்கும்தான் தூக்கமில்லை.’’

ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக் கொண்டு இரண்டு பேரும் தனித்தனியே நோயாளி ஆகிக் கொண்டிருந்தார்கள்! உண்மை வெளியில் வந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து செலவைக் குறைத்தார்கள். அந்தம்மா தையலை ஆரம்பித்தார். அவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் வேறு வேலை கிடைத்தது. ஆனால் தூக்கம் அதற்கு வெகுநாள் முன்பே வந்துவிட்டது.

தலைவர் மௌனமாக இருந்தால்...

2020-ல் கொரோனா சமயம், ஒரு சித்த சிகிச்சை மையத்தில் சில வாரம் பொறுப்பில் இருந்தேன். மருந்தாளுநர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் பயம். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் அவர்களைக் கூட்டி, ‘‘இன்னிக்கு இவ்வளவு தெரியும், இது தெரியாது, நாளைக்கு இதைச் செய்வோம்’’ என்று சொல்வேன். ‘‘எனக்கும் பயமாத்தான் இருக்கு’’ என்றும் சொன்னேன். அதற்காக யாரும் வேலையை விட்டு ஓடவில்லை. தலைவர் வாயை மூடிக் கொண்டால், வதந்தி வாயைத் திறக்கும். ஆஸ்பத்திரிக்கும் இதுதான், வீட்டுக்கும் இதுதான்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

* வாசற்படியில் வைத்தோ, படுக்கப் போகும் நேரத்திலோ கெட்ட செய்தியைச் சொல்லாதீர்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, அமைதியாக இருக்கும் நேரமே நல்லது.

* மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, எது மாறாமல் இருக்கும், ஒவ்வொருவரும் என்ன செய்யலாம்.

* குழந்தைகளிடம் அவர்கள் வயதுக்குத் தக்க சொல்லுங்கள். ‘‘அப்பாவுக்கு இப்ப வேலை இல்லை. உன் படிப்பு நிக்காது’’ என்றால் அவர்களுக்குப் புரியும்.

* கேட்பவர்கள் ‘‘நான் அப்பவே சொன்னேனே’’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அவர் மறுபடி வாயைத் திறக்கவே மாட்டார்.

* வீட்டை நடத்துகிற பெண்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். சமையலறையில் ரகசியமாக அழுது முகம் கழுவிக் கொள்வதும் அடக்குவதுதான்.

இதோடு உடம்பையும் கவனியுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், காபியில் கட்டுப்பாடு, அரை மணி நடை, வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. நெஞ்செரிச்சலோடு வியர்வை, இடது கை வலி, மூச்சுத் திணறல் இருந்தால் கஷாயம் போட்டுக் கொண்டு காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, ‘செத்துப் போனால் தேவலை’ என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. 2022-ல் ஆரம்பித்தது, கட்டணம் இல்லை, ராத்திரியிலும் பேசலாம், தமிழிலேயே.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பையன் கீழே விழுந்து அழும்போது, ‘‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா?’’ என்று அதட்டாதீர்கள். அழட்டும். நாளைக்கு அவனும் ஒரு குடும்பத்துக்குத் தலைவன் ஆகப் போகிறவன்தானே!