கண் திறவாக் குட்டிகளும் பாற்போத்தலும்

மாரிகாலத்திலே, ஒழுங்கை முடக்கிலும் சந்தை ஓரத்திலும் சாக்கிற் கட்டி விடப்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் காணாதார் நம்மில் இலர். அவற்றை வீட்டுக்குத் தூக்கி வருபவர் பெரும்பாலும் பள்ளிச் சிறுவரே. வந்ததும் அடுக்களையிற் பசுப்பால் வாங்கி, நீர் கலந்து, குட்டியை மல்லாத்திப் பிடித்து வாயில் ஊற்றுவர். மறுநாட் காலையிற் குட்டி விறைத்துக் கிடந்தால், பசியால் இறந்ததென்று எண்ணி அழுவர். பல வேளைகளில் அதனைக் கொன்றது பசியன்று. பால் ஊட்டிய முறையே.

பிறந்து சில நாளேயான குட்டி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமுமே அதற்குப் போர்வை. உடல் குளிர்ந்தால் குடலின் இயக்கம் ஓய்ந்துவிடும். அப்போது ஊட்டும் பால் செமியாது வயிற்றிலே தேங்கும். ஆகவே, முதலில் வெப்பம், பின்னரே பால். பனையோலைக் கடகத்திற் பழந்துணி பரப்பி, சுடுநீர்ப் போத்தலொன்றைத் துணியாற் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்தல் வேண்டும். மறுபக்கம் வெறுமையாய் இருந்தால், சூடு மிகும்போது குட்டி ஊர்ந்து விலகிக்கொள்ளும். முதல் வாரத்தில் 30 முதல் 32 பாகை செல்சியசு வெப்பம் போதியது. அடுப்பருகே வைத்து விரைந்து சூடேற்றுவது ஆபத்தானது.

பாலை நீர்த்துக் கொடுத்தல் நம்மவரின் பழைய வழக்கம். நாய், பூனை ஆகியவற்றின் பாலிலோ புரதமும் கொழுப்பும் பசுப்பாலிலும் மிகுதி. புரதம் ஏறக்குறைய இருமடங்கு. நீர் கலந்த பசுப்பால் குட்டியின் பசியையும் ஆற்றாது, வயிற்றோட்டத்தையும் தரும். குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவே தக்கது. அது கிட்டாத ஓரிரவுக்கு, நீர் கலவாத பாலில் முட்டை மஞ்சட்கருவை அடித்துக் கொடுப்பாருமுண்டு. ஆபத்துக்குப் பாவமில்லை.

குட்டியைக் குப்புற வைத்து, தலையைச் சற்றே உயர்த்தி ஊட்டுக. மல்லாத்தினால் பால் நுரையீரலுட் புகுந்து நியூமோனியாவை உண்டாக்கும். போத்தலைக் கவிழ்த்தால் சூப்பியிலிருந்து துளித்துளியாகவே பால் சொட்ட வேண்டும். போத்தலை அழுத்துதல் கூடாது.

தாய் தன் குட்டிகளை ஓயாது நக்குவது அன்பினால் மட்டுமன்று. அத்தீண்டல் இன்றேல் அவற்றால் மலசலங் கழிக்க இயலாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால், ஊட்டும்போதெல்லாம், மூன்று வாரம் வரை நாம் அப்பணியைச் செய்தல் வேண்டும்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், பால் வேண்டும். குட்டியைக் கொணர்ந்த சிறுவன் உறங்கிவிடுவான். எழுந்திருப்பவள் அவன் அன்னை! அயலிற் குட்டியீன்ற நாயோ பூனையோ இருந்து, இந்த அநாதையையும் ஏற்றுக்கொண்டால், அதனிலுஞ் சிறந்த போத்தல் வேறில்லை.

பிறந்தபோது ஏறக்குறைய 100 கிராம் நிறையுள்ள பூனைக்குட்டி நாளுக்குப் பத்துக் கிராமளவில் ஏறிவந்தால் அஞ்சவேண்டுவதில்லை. இரண்டாம் வாரத்திற் கண் திறக்கும். நான்காம் வாரத்திற் சூப்பியைக் கடிக்கத் தொடங்கும். அப்போது போத்தலை எடுத்துவிட்டுத் தட்டை வைக்கலாம்.