ஆட்டோ வாடகையை எப்படிப் பிரிப்பது?



சேர்ந்து தொழில் செய்யும்போது மனஸ்தாபம் வருகிற இடம் கணக்குப் பிரிக்கிற இடம்தான். ஒரு உதாரணம் பார்ப்போம்.

மூன்று உறுப்பினர்கள் ஒரே லோடு ஆட்டோவில் காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். மூவர் வீடும் ஒரே சாலையில். தனித்தனியாக வண்டி பிடித்தால் கிட்ட இருப்பவருக்கு ரூ.90, நடுவில் இருப்பவருக்கு ரூ.190, தூரத்தில் இருப்பவருக்கு ரூ.300 ஆகும். சேர்ந்து போனால் மொத்தமே ரூ.300தான்.

"ஆளுக்கு நூறு போடுவோம், வம்பே வேண்டாம்" என்று முடிவு செய்கிறார்கள். கிட்ட இருக்கிற அக்கா என்ன கேட்பார்? "தனியாப் போனாலே எனக்குத் தொண்ணூறுதான். சேர்ந்து வந்து எதுக்குப் பத்து ரூபா கூடக் குடுக்கணும்?" கேள்வி நியாயம்தானே! அவர் விலகினால் மற்ற இருவருக்கும் செலவு ஏறும்.

எப்படிப் பிரிக்கலாம்?

சாலையை மூன்று துண்டாகப் பாருங்கள்.

1. சந்தையிலிருந்து முதல் வீடு வரை ரூ.90. இது மூவருக்கும் வேண்டிய பாதை. ஆளுக்கு ரூ.30.
2. அங்கிருந்து நடு வீடு வரை ரூ.100. இது இருவருக்கு மட்டும். ஆளுக்கு ரூ.50.
3. மீதி ரூ.110. இது கடைசி வீட்டுக்காரருக்கு மட்டும்.

ஆக, அவர்கள் தரவேண்டியது ரூ.30, ரூ.80, ரூ.190. கூட்டிப் பாருங்கள், ரூ.300 வரும். தனியாகப் போவதைவிட மிச்சம் ரூ.60, ரூ.110, ரூ.110. மூவருக்குமே லாபம்.

இது யார் கணக்கு?

அமெரிக்கக் கணித அறிஞர் லாயிட் ஷாப்லி 1953-ல் சொன்ன வழி இது. மூவரும் ஒருவர்பின் ஒருவராக வண்டியில் சேர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு விதமாக வரிசை போடலாம். ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் சேர்வதால் எவ்வளவு செலவு கூடுகிறது என்று எழுதி, சராசரி எடுக்க வேண்டும். கிட்ட இருப்பவர் முதலில் சேரும் இரண்டு வரிசையில் ரூ.90 கூடும். மற்ற நான்கில் வண்டி எப்படியும் அவர் வீட்டைத் தாண்டித்தான் போகிறது, எதுவும் கூடாது. 180-ஐ 6-ஆல் வகுத்தால் 30.

விமான ஓடுபாதைச் செலவைச் சிறிய, பெரிய விமானங்களுக்குப் பிரிக்கவும் 1973-ல் ஆய்வாளர்கள் இதே கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். ஷாப்லிக்கு 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அது ஜோடி சேர்ப்பது பற்றிய அவருடைய வேறொரு ஆய்வுக்காக.

லாபத்தையும் இப்படியே பிரிக்கலாம். ஒரே அளவு சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு ஒரே பங்கு. அதிகம் சேர்த்தவருக்கு அதிகம்.

வசதி இல்லாத உறுப்பினருக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதலில் கணக்கைப் போட்டு, எல்லோருக்கும் தெரிய, தீர்மான நோட்டில் எழுதிவிட்டுச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் குழு வாடகையை இப்படிப் போட்டுப் பாருங்களேன்!